அமீனா ஏறும் மலை

போளூர் பேருந்து நிலையத்தில் ஜமுனாமரத்தூர் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களை, கையிலிருக்கும் சுமையை வைத்தே இன்னாரென்று சொல்லிவிடலாம். உர மூட்டை வைத்திருப்பவர் சாமையோ நெல்லோ போட்டிருக்கிறார். புதுப் பாத்திரமும் பிளாஸ்டிக் குடமும் வைத்திருக்கும் பெண் வீட்டு விசேஷத்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டு போகிறாள். சுமையே இல்லாமல் அக்குளில் ஒரு ரெக்சின் பையை இடுக்கிக்கொண்டு நிற்பவர் கோர்ட் ஆள். பைக்குள் இருப்பதெல்லாம் காகிதம்: சம்மன், நோட்டீஸ், ஜப்தி வாரண்ட். அந்த பஸ்ஸில் ஏறும் சுமைகளில் எடை குறைந்தது அதுதான். போய்ச் சேரும் வீட்டில் அதிகம் கனக்கப் போவதும் அதுதான்.

போளூரை விட்டு மேற்கே திரும்பினால் ஜவ்வாது மலை எதிரே சுவராக நிற்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஜமுனாமரத்தூரில் இறங்கும்போது மற்றவர்களுக்குப் பயணம் முடிகிறது. கோர்ட் ஆளுக்கு அங்கேதான் தொடங்குகிறது. சம்மனில் எழுதியிருக்கும் ஊர் இன்னும் உள்ளே இருக்கும். பஸ் இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோ, அதுவும் இல்லாவிட்டால் யாராவது ஒருவரின் பைக், பைக்கும் போகாத இடத்தில் நடை. வீடுகள் தெருவாக இருக்காது, கொல்லைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும். கதவு எண் மழையில் அழிந்திருக்கும். ஒரே பெயரில் ஊருக்குள் மூன்று பேர் இருப்பார்கள். அப்பா பெயரைச் சொல்லித்தான் பிரித்தறிய வேண்டும்.

அந்த மலைக் குடும்பம் நீதிபதியைக் கடைசிவரை பார்க்காமலே போகலாம். தன் பெயரில் ஒரு வழக்கு இருக்கிறது என்பதை அது முதன்முதலாகத் தெரிந்துகொள்வது இந்தப் பைக்காரர் வாசலில் வந்து நிற்கும்போதுதான். வழக்கு முடிந்து பல வருஷம் கழித்து நிலத்தை விட்டு எழுந்திருக்கச் சொல்லி வருபவரும் இவர் வர்க்கத்தைச் சேர்ந்தவர்தான். நீதிமன்றம் எழுதுகிற எழுத்துக்கு நடக்கிற கால்கள் இவர்களுடையவை. நம் நீதித்துறையில் மிகக் குறைவாகப் பேசப்பட்டிருக்கும் பதவியும் இதுவே.

மக்கள் வாயில் இவர் அமீனா. நம்பிக்கைக்குரியவர் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். நவாப் ஆட்சி போய், கும்பெனி ஆட்சி போய், இன்றும் கோர்ட் வராந்தாவில் புழங்குகிறது. அரசுத் தாள்களில் முதுநிலைக் கட்டளை நிறைவேற்றுநர், இளநிலைக் கட்டளை நிறைவேற்றுநர் என்று எழுதுகிறார்கள். சம்மன் மட்டும் சார்பு செய்கிறவரை பிராசஸ் சர்வர் என்பார்கள். இவர்களுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுக்கும் அலுவலர் நாஜர். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றங்களுக்காக 2329 பணியிடங்களை அறிவித்தபோது, அந்தப் பட்டியலில் நகல் பரிசோதகருக்கும் அலுவலக உதவியாளருக்கும் நடுவில் கட்டளை நிறைவேற்றுநர்களும் இருந்தார்கள்.

கோர்ட்டுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரிந்த இன்னொரு சொல் பேட்டா. சம்மன் அனுப்ப வழக்காளி கட்டும் கட்டணம் அது. "பேட்டா கட்டியாச்சா?" என்று வக்கீல் குமாஸ்தா கேட்காத நாளே இல்லை. பேட்டா கட்டாவிட்டால் சம்மன் நகராது, சம்மன் நகராவிட்டால் வழக்கு நகராது.

மார்ஷலும் ஷெரீப்பும்

லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவர்களுக்கு மார்ஷல், ஷெரீப் என்ற சொற்கள் குதிரையோடும் துப்பாக்கியோடும் சேர்ந்தே நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கு மார்ஷல் என்றால் சட்டசபையில் உறுப்பினர்களை வெளியேற்றும் அவைக் காவலர். ஆனால் அமெரிக்காவில் ஃபெடரல் மார்ஷல் பிறந்தது நீதிமன்றத்துக்காக. 1789 செப்டம்பரில் அந்த நாடு தன் கூட்டாட்சி நீதிமன்றங்களை அமைத்தபோது, அதே சட்டத்திலேயே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மார்ஷலை வைத்தது. முதல் 13 பேரை நியமித்தவர் ஜார்ஜ் வாஷிங்டன். தீர்ப்பு எழுத ஒருவர், அதை நடத்திவைக்க ஒருவர். இரண்டும் ஒரே நாளில் பிறந்த பதவிகள். இன்று 94 மாவட்டங்களில் அவர்கள் இருக்கிறார்கள். நீதிபதிகளைக் காப்பது, கைதிகளைக் கொண்டு வருவது, ஓடிப்போனவர்களைப் பிடிப்பது, 1971 முதல் சாட்சிகளுக்குப் புதுப் பெயரும் புது ஊரும் கொடுத்து ஒளித்து வைப்பது எல்லாம் அவர்கள் வேலை. அந்தத் துறை நீதிமன்றத்தின் கீழ் இல்லை, அரசின் நீதித்துறை அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. இருந்தும் நீதிமன்ற ஆணைகளுக்குக் கீழ்ப்படிந்து அவற்றைச் செயல்படுத்துவதே அதன் முதற்கடமை என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது.

அந்தப் படையில் பணியின்போது முதலில் உயிரிழந்தவர் ராபர்ட் ஃபோர்சைத். 1794 ஜனவரி 11 அன்று ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் அவர் துரத்திப் போனது கொள்ளைக்காரனை அல்ல. ஒரு சிவில் வழக்கின் தாளைச் சார்பு செய்யத்தான் போனார். வாங்க வேண்டியவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கதவு வழியாகவே சுட்டுவிட்டார். ஒரு வாசலில் காகிதத்தை நீட்டுவது எத்தனை ஆபத்தான வேலை என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அந்த மார்ஷல்களின் வரலாற்றில் நான் மறக்க முடியாத காட்சி 1960 நவம்பரில் நடந்தது. நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் பள்ளியில் கறுப்பினக் குழந்தையைச் சேர்க்க வேண்டும் என்பது நீதிமன்ற ஆணை. ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுச் சிறுமி, சுற்றிலும் கூட்டம் வசைபாட, நான்கு மார்ஷல்கள் முன்னும் பின்னும் நடக்கப் பள்ளிக்குப் போனாள். இரண்டு வருஷம் கழித்து ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேரப் போன இரவில் நூற்றுக்கும் மேற்பட்ட மார்ஷல்கள் காயம்பட்டார்கள். அந்த ஆட்கள் நடுவில் நிற்காமல் இருந்திருந்தால் அந்தத் தீர்ப்புகள் அச்சிட்ட தாளாகவே கிடந்திருக்கும்.

நம் ஊரிலும் இப்படி ஒரு பதவி வந்தது. 1726-ஆம் ஆண்டின் அரச சாசனம் சென்னைக்கு மேயர் நீதிமன்றத்தைத் தந்தபோது கூடவே ஒரு ஷெரீப்பையும் தந்தது. நீதிமன்ற ஆணைகளைச் செயல்படுத்துவதே அவர் வேலை. காலப்போக்கில் சென்னை ஷெரீப் என்பது நகரத்துப் பெரிய மனிதர்களுக்குத் தரும் கௌரவப் பட்டமாகி, பிறகு மறைந்தும் போனது. மாநகரத்துக்கு வெளியே, போளூர் போன்ற ஊர்களில், அந்தக் கடமை அமீனா தோளில் விழுந்தது. மார்ஷலிடம் இருப்பதில் துப்பாக்கி, வண்டி, படை, தனித்துறை எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பாருங்கள், மிஞ்சும் கடமையோடு நிற்பவர் நம் அமீனா.

கதவுக்கு முன்னால்

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஐந்தாம் கட்டளை முழுக்கச் சம்மனைப் பற்றியது. வாசிக்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் அதை எழுதியவர்களுக்கு ஒரு வாசலில் என்னென்ன நடக்கும் என்பது தெரிந்திருக்கிறது. ஆளிடம் நேரில் கொடுக்க வேண்டும். அவர் இல்லை, சீக்கிரம் வருவதாகவும் தெரியவில்லை என்றால், கூடவே வசிக்கும் வயது வந்த குடும்பத்தாரிடம் கொடுக்கலாம், ஆணானாலும் பெண்ணானாலும். வீட்டு வேலைக்காரர் குடும்பத்தார் ஆகமாட்டார். வாங்க மறுத்தாலோ, தக்கபடி தேடியும் ஆள் அகப்படாவிட்டாலோ, வெளிக் கதவிலோ கண்ணில் படும் இடத்திலோ ஒட்ட வேண்டும். ஒட்டினால் போதாது. எப்போது ஒட்டினேன், எந்த நிலைமையில் ஒட்டினேன், இதுதான் அந்த வீடு என்று காட்டியது யார், யார் முன்னிலையில் ஒட்டினேன் என்று எழுதித் திருப்பித் தர வேண்டும்; அதுதான் ரிட்டர்ன். தேவைப்பட்டால் நீதிபதி அவரையே சத்தியம் வைத்து விசாரிக்கலாம்.

இந்தக் கடைசி விதி ஏன்? பொய் ரிட்டர்ன் எழுதினால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்த்தால் புரியும். மலைக்கு ஏறாமலே, கீழே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, வீடு பூட்டியிருந்தது, கதவில் ஒட்டினேன் என்று எழுதிவிட முடியும். வாங்க மறுத்தார் என்று ஒரு வரி எழுதினாலே போதும். அந்த வரியை நம்பிச் சம்மன் சரியாகச் சார்பாகிவிட்டது என்று நீதிமன்றம் கொள்ளும். வாய்தா அன்று பெயர் கூப்பிடுவார்கள், ஆள் இருக்க மாட்டார். எக்ஸ்பார்ட்டி. ஒருதலைத் தீர்ப்பு. சாமைக் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்குத் தன் நிலம் காகிதத்தில் கைமாறியது தெரியாது. தெரிய வரும்போது அமீனா இரண்டாம் முறையாக ஏறிவந்திருப்பார், இம்முறை டெலிவரி வாரண்ட்டோடு.

சட்டம் இதற்கும் ஒரு கதவு வைத்திருக்கிறது. ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள். தீர்ப்பு நாளிலிருந்து அந்தக் கணக்கு ஓடும். ஆனால் சம்மன் முறைப்படி சார்பாகவில்லை என்றால், தீர்ப்பைப் பற்றித் தெரியவந்த நாளிலிருந்துதான் 30 நாள். ஆகவே பத்து வருஷம் கழித்து வருகிற வழக்கிலும் கேள்வி அந்த ஒரு நாளுக்கே திரும்பிப் போகும்: அமீனா அன்று வாசலுக்கு வந்தாரா, வரவில்லையா? ஒரு கடைநிலை ஊழியரின் ஒரு வரிக் குறிப்புக்கு இத்தனை எடை இருக்கிறது. அதை எழுதுகிறவருக்குப் போக்குவரத்துக்கு என்ன கொடுக்கிறோம், ஒரு நாளில் எத்தனை ஊருக்கு எத்தனை தாளைக் கட்டி அனுப்புகிறோம் என்று நாம் கேட்பதில்லை. பொய் ரிட்டர்னுக்கு நேர்மையின்மை ஒரு காரணம் என்றால், ஒரே நாளில் முடிக்க முடியாத வேலை இன்னொரு காரணம்.

மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் ஆள் இருக்க மாட்டார், ஏனென்றால் பிழைப்புக்கு இறங்கிப் போயிருப்பார். கீழ்நாட்டுக்கோ வெளிமாநிலத் தோட்டங்களுக்கோ போனவர் எப்போது வருவார் என்று கேட்டால் வீட்டுக்காரிக்கே நாள் தெரியாது. தக்கபடி தேடுவது என்று சட்டம் சொல்வதற்கு இங்கே என்ன பொருள்? ஒரு முறை எட்டிப் பார்ப்பதா? நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கும் பதில், அப்படி அல்ல என்பதுதான். ஒருநாள் ஆளைக் காணோம் என்பதற்காக நேரே பசைவாளியைத் திறக்கக் கூடாது.

காகிதத்தோடு ஏறிவரும் புதியவரை மலை எப்படிப் பார்க்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸார் சுட்டதில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள். செம்மரம் வெட்டப் போனார்கள் என்ற குற்றச்சாட்டில் ஆந்திரச் சிறைகளில் கிடந்த மலைக்காரர்களின் குடும்பங்களுக்கு நீதிமன்றம் என்பது வேறு மாநிலத்தில், வேறு மொழியில் நடந்த ஒன்று. அந்தக் குடும்பங்கள் இருக்கும் ஊருக்குள் முத்திரை குத்திய தாளோடு ஒருவர் நுழைந்தால் அவர் வனத்துறையா, போலீஸா, கோர்ட்டா என்று பிரித்துப் பார்க்கும் முன்பே ஆண்கள் காட்டுப் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். நீதிபதியின் பார்வைக்கு அது மறுப்பு. மலையிலிருந்து பார்த்தால் அது பயம். இரண்டையும் பிரித்தறியக்கூடிய ஒரே மனிதர், அங்கே நின்றுகொண்டிருக்கும் அமீனா. அவர் நின்று, உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்து, இது கைது வாரண்ட் அல்ல, நில வழக்கு, இந்தத் தேதியில் வந்து பதில் சொன்னால் போதும் என்று சொல்ல நேரம் இருந்தால், அந்த வழக்கு வேறு வழக்காகிவிடும்.

தாலியைத் தொடாத ஜப்தி

இரண்டாம் முறை ஏறும்போது அமீனா கையில் இருப்பது அதிகாரம். ஜப்தி என்ற சொல்லைக் கேட்டாலே தமிழ்நாட்டுக் குடியானவர் வீட்டில் அடிவயிறு கலங்கும். அண்டா குண்டாவைத் தெருவில் எடுத்துப் போடுவார்கள், மாட்டை அவிழ்த்துப் போவார்கள் என்ற சித்திரம் தலைமுறைகளாகத் தொடர்ந்து வருகிறது. சட்டம் உண்மையில் சொல்வது வேறு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு எதையெல்லாம் தொடக் கூடாது என்று பட்டியல் போடுகிறது: கடனாளியும் மனைவியும் பிள்ளைகளும் உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை. நம் வழக்கில் அது தாலி. கைத்தொழிலாளியின் கருவிகள் கூடாது. விவசாயியாக இருந்தால் ஏர், கலப்பை, பிழைப்புக்குத் தேவையான மாடு, விதை நெல் கூடாது. அவர் குடியிருக்கும் வீடும் கூடாது.

நேரமும் வரையறுத்திருக்கிறது. சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் அமீனா ஒரு குடியிருப்பு வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளிக் கதவை உடைக்கக் கூடாது. கடனாளியே அந்த வீட்டில் இருந்து, கதவைத் திறக்க மறுத்தால்தான் உடைக்கலாம். பணத் தீர்ப்புக்காகப் பெண்ணைக் கைது செய்யவே கூடாது. ஆணைச் சிறையில் வைப்பதற்கும் வரம்பு உண்டு: கடன் 5000 ரூபாய்க்கு மேல் என்றால் அதிகபட்சம் மூன்று மாதம், 2000 ரூபாய்க்குள் என்றால் சிறையே இல்லை. சிறையில் இருக்கும் நாளுக்குச் சாப்பாட்டுச் செலவைக் கடன் கொடுத்தவர்தான் கட்ட வேண்டும். 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், கொடுக்க வழியில்லாதவரை இல்லாமைக்காகச் சிறையில் தள்ள முடியாது என்று தீர்த்தார். கையில் இருந்தும் கொடுக்காத கெட்ட எண்ணத்தை நிரூபிக்க வேண்டும்.

இத்தனை பாதுகாப்பும் எங்கே செயல்பட வேண்டும்? அந்த வாசலில், அந்த நிமிடத்தில். அங்கே நீதிபதி இல்லை, பெரும்பாலும் கடனாளிக்கு வக்கீலும் இல்லை. கடன் கொடுத்தவர் மட்டும் கூடவே வந்து, அதை எடுங்கள், இதை எடுங்கள் என்று கைகாட்டிக்கொண்டிருப்பார். 60-ஆம் பிரிவை அங்கே மனதில் வைத்திருக்க வேண்டியவர் அமீனா ஒருவர்தான். அவருக்குச் சட்டம் தெரிந்திருப்பது ஒரு குடும்பத்தின் விதை நெல்லைக் காப்பாற்றும். தெரியாமலிருந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதே ஜப்தி ஏழை பக்கம் நின்று பெரிய இடத்தைத் தொடும் நாட்களும் உண்டு. அரசுப் பேருந்து மோதி ஒருவர் இறந்திருப்பார். தீர்ப்பாயம் இழப்பீடு சொல்லியிருக்கும். போக்குவரத்துக் கழகம் கட்டியிருக்காது. ஒரு காலை, பேருந்து நிலையத்தில் பயணிகள் ஏறி உட்கார்ந்த பிறகு, அமீனா வந்து முன்கண்ணாடியில் நோட்டீஸை ஒட்டுவார். பயணிகளை இறக்கிவிட்டு பஸ்ஸைக் கோர்ட் வளாகத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் இந்தச் செய்தி வராத மாதம் அரிது. நிலம் எடுத்ததற்கு நஷ்டஈடு தராததால் கலெக்டர் அலுவலக நாற்காலி, கணினி, ஜீப் ஜப்தியான செய்திகளும் அப்படியே. அரசுக்கு எதிரான தீர்ப்பை நிறைவேற்ற மூன்று மாத அவகாசம் விட வேண்டும் என்கிறது சட்டம்; அந்த மூன்று மாதம் பல சமயம் பல வருஷமாகிவிடுகிறது. துப்பாக்கியில்லாத ஒரு கடைநிலை ஊழியர் கலெக்டர் அலுவலகத்துக்குள் போய், இந்த ஜீப் இனி கோர்ட்டுடையது என்று சொல்கிற காட்சியில் சட்டத்தின் ஆட்சி கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். கணவரை இழந்த ஒருத்திக்காக ஒரு நாற்காலி வெளியே வருகிறது.

தண்டோராவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நிலத்தை ஜப்தி செய்தால் அந்த இடத்தில் பறையடித்தோ வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் சொல்கிறது. அந்தப் பறையை அடித்தவர்கள் எந்தச் சேரியிலிருந்து அழைத்து வரப்பட்டார்கள், என்ன கூலிக்கு என்பது நமக்குத் தெரியும். 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடும் வழக்கம் இனி வேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கலாம் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். சரியான முடிவு. சட்டப் புத்தகத்திலும் அந்த வரி மாற வேண்டும். நீதிமன்றத்தின் அறிவிப்பு ஒரு சாதியின் தோளில் ஏறி வரக் கூடாது.

ஜெயித்த பிறகு

இந்தியாவில் வழக்காடுகிறவரின் கஷ்டம் டிக்ரி கையில் கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே சொல்லிவிட்டது. ஒன்றரை நூற்றாண்டு போய்விட்டது. பெரியம்மாள் என்ற தமிழ்நாட்டு வழக்கு, 1980-களில் தொடங்கிய நில வழக்கு, 2025 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அப்போது நீதிபதிகள், நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சொல்லி, நாடு முழுக்க நிலுவைக் கணக்கைக் கேட்டார்கள். வந்த எண்ணிக்கை 8.82 லட்சம். தமிழ்நாட்டில் மட்டும் 86 ஆயிரத்துக்கு மேல். இவை தோற்றவர்களின் வழக்குகள் அல்ல. ஜெயித்தவர்கள், ஜெயித்ததைக் கைக்குக் கொண்டுவரக் காத்திருக்கும் நிறைவேற்று மனுக்கள். டிக்ரியை நிறைவேற்றக் கேட்க 12 வருஷம் அவகாசம் உண்டு. அந்த 12 வருஷத்துக்குள் மனுப்போட்டுவிட்டு இறந்துபோனவர்களின் பிள்ளைகள் இப்போது படியேறுகிறார்கள்.

ஏன் நிற்கிறது? சுவாதீனம் எடுக்க அமீனா போவார். வாசலில் பத்துப் பேர் மறிப்பார்கள். அவர் திரும்பி வந்து, தடை இருக்கிறது என்று ரிப்போர்ட் எழுதுவார். ஜெயித்தவர் போலீஸ் பாதுகாப்பு கேட்டுத் தனியாக மனுப் போட வேண்டும். அதில் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ், அதற்குப் பேட்டா, வாய்தா. ஆணை வந்தாலும் காவல் நிலையத்தில் அன்றைக்குத் திருவிழா பந்தோபஸ்து இருக்கும். கார்த்திகை தீபத்துக்கு மாவட்டமே திருவண்ணாமலையில் நிற்கும்போது, ஒரு ஊரில் நாலு சென்ட் நிலத்துக்குப் போலீஸ் எங்கிருந்து வரும்? அமீனாவை மறிப்பது குற்றம்தான், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 221-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்தக் குற்றத்தைப் பதிவு செய்வதற்கும் அதே காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அமெரிக்க மார்ஷலையும் நம் அமீனாவையும் பிரிக்கும் கோடு இங்கேதான் இருக்கிறது. நம்மிடம் நீதிமன்றத்துக்கென்று ஒரு கை இல்லை. இருக்கும் வேலை பல கைகளில் சிதறிக் கிடக்கிறது.

குற்ற வழக்கில் சம்மனைக் கொண்டுபோவது போலீஸ். விசாரணைக் கைதியைச் சிறையிலிருந்து கோர்ட்டுக்கு அழைத்து வருவது ஆயுதப்படைக் காவலர்கள்; வழிக்காவல் கிடைக்கவில்லை என்ற காரணத்தால் தள்ளிப்போகும் வாய்தாக்கள் கொஞ்சமல்ல. வீடியோவில் கைதியைக் காட்டுவது இப்போது அந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. நீதிமன்ற வளாகக் காவல் இன்னொரு கை: சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 2015 நவம்பரில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை வந்தது, மாவட்ட நீதிமன்றங்களில் உள்ளூர்க் காவலர்கள்தான். 2021-இல் தன்பாத்தில் நீதிபதி உத்தம் ஆனந்த் நடைப்பயிற்சியின்போது ஆட்டோ ஏற்றிக் கொல்லப்பட்டார். 2024 டிசம்பர் 20 அன்று திருநெல்வேலியில் கோர்ட் வாசலிலேயே ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் கொஞ்ச நாள் வாசலில் துப்பாக்கி தெரியும். சாட்சிகளைக் காக்கும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதை மாநிலங்களின் கடமையாக்கியிருக்கிறது. ஆனால் அதற்கும் தனிப் படை கிடையாது.

துப்பாக்கி ஏந்திய மார்ஷல் நமக்கு வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. காக்கியைக் கண்டு காட்டுக்குள் ஓடும் மலைக்கு இன்னொரு காக்கி தேவையில்லை. அமீனா ஆயுதமில்லாமல் வருவது அவர் பலவீனம் மட்டுமல்ல, அவருடைய தகுதியும்கூட. அவருக்கு வேண்டியது வேறு: ஏறி இறங்க வண்டி, ஒரு நாளில் செய்யக்கூடிய அளவு வேலை, 60-ஆம் பிரிவைக் கற்றுத் தரும் ஒரு பயிற்சி, தடை வந்தால் தனி மனுவில்லாமல் அன்றே வந்து நிற்கக் கடமைப்பட்ட ஒரு காவல் பிரிவு.

தொழில்நுட்பம் கொஞ்சம் உதவத் தொடங்கியிருக்கிறது. மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் கீழ் என்ஸ்டெப் என்ற செயலி வந்திருக்கிறது. சம்மன் சார்பு செய்யும் இடத்தையும் நேரத்தையும் ஜி.பி.எஸ். மூலம் பதியும், படமும் கையெழுத்தும் போனிலேயே ஏறும். டீக்கடை ரிட்டர்னுக்கு இது பெரிய தடை. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் குற்ற வழக்குச் சம்மனை வீட்டுப் பெண்ணிடமும் கொடுக்கலாம். முந்தைய சட்டம் வயது வந்த ஆண் என்றுதான் சொன்னது. மின்னணு முறையிலும் அனுப்பலாம். ஆனால் போனுக்கு வந்து விழும் சம்மனை ஜவ்வாது மலையில் யார் படிப்பார்கள், எந்த டவரில்? அந்த வேலைக்கு மனிதர் ஏறித்தான் ஆக வேண்டும்.

2024 பிப்ரவரியில் ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 23 வயதில், உரிமையியல் நீதிபதித் தேர்வில் தேறினார். பிரசவம் ஆன இரண்டாம் நாள் சென்னைக்கு வந்து தேர்வெழுதியவர். மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருவர் நீதிபதி இருக்கையில் அமரும் நாள் வந்துவிட்டது. அந்த இருக்கையிலிருந்து புறப்படும் காகிதம் மலைமேல் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அங்கே ஒருவர் அதைப் படித்துச் சொல்லவும், என்ன செய்ய வேண்டும் என்று விளக்கவும் ஏற்பாடு வேண்டும்.

ஏற்பாடு சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பழங்குடியினருக்கு இலவச வக்கீல் உரிமை. வருமான வரம்பு கிடையாது. பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும் அப்படியே. வட்ட அளவிலேயே அதற்குக் குழு உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள். ஆனால் சம்மன் வாங்கும் வீட்டுக்கு இது தெரிவதில்லை.

ஜவ்வாது மலைக்குப் போகும் ஒவ்வொரு சம்மனின் தலையிலும் நான்கு வரி பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும்: இது என்ன வழக்கு, எந்தத் தேதிக்குள் எந்தக் கோர்ட்டில் வந்து நிற்க வேண்டும், உங்களுக்கு வக்கீல் இலவசம், 15100. படிக்கத் தெரியாத வீட்டில் அமீனா அந்த நான்கு வரியை வாய்விட்டுப் படித்துச் சொல்ல வேண்டும். படித்துச் சொன்னேன், கேட்டவர் இன்னார் என்று ரிட்டர்னில் ஐந்தாவதாக ஒரு வரி எழுத வேண்டும். அதற்குப் பிறகு அவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க இறங்கலாம்.